மிஷின் எழுதியது என்று சொன்னேன்

எங்கள் கல்லூரியில் கணிதம் படித்தாலும் வணிகவியல் படித்தாலும் முதல் இரண்டு வருடம் தமிழ் உண்டு. பருவத்துக்கு ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும், பத்து மதிப்பெண். அந்தக் கட்டுரைகளைத் திருத்துவதுதான் இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பு. தஞ்சாவூரில் காலை ரயில் ஏறினால் நீடாமங்கலம் வருவதற்குள் ஒரு கட்டுக் கட்டுரையில் பாதியை முடித்துவிடுவேன். தனியாகச் சிரிப்பேன், தலையில் அடித்துக்கொள்வேன். தாஜ்மகாலைப் பற்றி எழுதச் சொன்னால், தன் மாமா அங்கே போய்ச் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு ரயிலேறிய கதையை ஒருவன் மூன்று பக்கம் எழுதியிருப்பான். தாஜ்மகால் நான்காம் பக்கத்தில் இரண்டு வரி வரும். அவனுக்கு ஏழு மதிப்பெண் போட்டேன். மாமாவுக்காகத்தான் போட்டேன்.

பிறகு மிஷின் வந்தது. செயற்கை நுண்ணறிவு என்று செய்தித்தாளில் எழுதுகிறார்கள், பிள்ளைகள் ஏஐ என்கிறார்கள். நான் மிஷின் என்றுதான் சொல்வேன். எங்கள் பக்கம் ரைஸ்மில்லுக்கும் அதே பெயர்தான்; எந்த வயல் நெல்லைப் போட்டாலும் ஒரே வெள்ளையாகத் தள்ளும். அறுபது கட்டுரையும் 'இன்றியமையாத பங்கு வகிக்கிறது' என்று தொடங்கி, ஒளிமயமான எதிர்காலத்தில் முடிந்தன.

அச்சடித்து வாங்கினால்தானே இந்த வம்பு என்று கையால் எழுதித் தரச் சொன்னேன். போனை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து எழுதினார்கள். ஒரு பையன் கடைசி வரியாக, 'இதை இன்னும் சுருக்கித் தரட்டுமா?' என்று மிஷின் கேட்டதையும் மணிமணியான கையெழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தான். 'வேண்டாம்' என்று சிவப்பு மையில் பதில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

எனக்குக் கோபம் வந்தால் லேசில் தணியாது. ஒரு வருடம் இதே வேலையாக இருந்து, மிஷின் எழுதியதை மோப்பம் பிடிப்பதில் தேறிவிட்டேன். பத்திகள் எல்லாம் ஒரே உயரம் இருக்கும். யார்மேலும் வருத்தம் இருக்காது. பிடிபட்டால் பாதி மதிப்பெண், திரும்ப எழுத வேண்டும். அதுதான் என் சட்டம். இது மிஷின் என்று நான் சொல்லி ஒரு பிள்ளைகூட மறுத்ததில்லை. மேம் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று கல்லூரி முழுக்கப் பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஆசிரியர் அறையில் என் எதிர் மேசை வணிகவியல் ஆசிரியருடையது. கல்லூரியின் ஆண்டறிக்கை முழுவதையும் மிஷினிடம் எழுதி வாங்கியவர் அவர். "அவங்க மாட்டிக்கிறாங்க, நாம மாட்டிக்கறதில்ல, அவ்வளவுதான் மேடம் வித்தியாசம்" என்பார். அந்த அறிக்கையில் ஒற்றுப்பிழை திருத்திக் கையெழுத்துப் போட்டவள் நான். அதனால் அவரிடம் அதிகம் வாயாட முடிவதில்லை.

அவரிடம்தான் ஒருநாள் சவால்போலச் சொன்னேன். "மிஷினுக்குத் தெரியாததைக் கேக்கப் போறேன். அப்ப எப்படி எழுதுவாங்கன்னு பாப்போம்."

தலைப்பு இதுதான்: எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஆறு வரை. டெல்டாவில் ஆறோ வாய்க்காலோ இல்லாத ஊர் கிடையாது. வாசலில் இறங்கி, எந்தத் தெருவில் திரும்பி, யார் யார் வீட்டைத் தாண்டி, யாரிடம் என்ன பேசி, எந்த இடத்தில் தண்ணீரில் கால் வைப்பீர்கள் என்று எழுத வேண்டும். தெருப் பெயரும் திசையும் கட்டாயம். மாதிரிக்கு என்னுடையதையே எழுதி வகுப்பில் வாசித்தேன். நான் பிறந்தது திருவையாற்றுக்குப் பக்கத்தில். 'கொல்லைக் கதவைத் திறந்தால் காவிரி' என்று முதல் வரி. வாசித்து முடித்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு எவ்வளவு புத்தி என்று நானே மெச்சிக்கொண்டேன்.

அறுபதில் நாற்பது மறுபடியும் மிஷின். இருபுறமும் பசுமையான வயல்கள், பறவைகளின் இன்னிசை, புன்னகையுடன் வரவேற்கும் எளிய மக்கள். ஒரு கட்டுரையில் தூரத்தில் நீல மலை தெரிந்தது. தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு மேடு ஏற வேண்டுமென்றால் ரயில்வே மேம்பாலத்தில்தான் ஏற வேண்டும்.

"நம்ம ஊர்ல மலை எப்படா முளைச்சுது?" என்று வகுப்பில் கேட்டேன்.

"மேகமா இருக்கும் மேம்" என்றான் எழுதியவன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

சொந்தமாக எழுதிய இருபது பேர் யார், மலைக்குள் போய் ஒளிந்த நாற்பது பேர் யார் என்று அன்றைக்கு நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஒருத்தியைத் தவிர, ஆற்றங்கரைப் பக்கம் படித்துறையோடு வீடு இருந்தவர்கள்தான் எழுதியிருந்தார்கள். எங்கள் பக்கம் ஒருவர் எந்தத் தெரு என்று தெரிந்தால் போதும், எந்த ஜாதி என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அதைத்தான் நான் திசையோடு எழுதச் சொல்லியிருந்தேன். இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்தியும் கொல்லைக் கதவைத் தாண்டி எனக்கு எதுவும் தெரியவில்லை.

கட்டின் அடியில் ஒரு கட்டுரை இருந்தது. கணிதம் இரண்டாமாண்டு மாணவி. கடைசிக்கு முந்தின வரிசையில் ஜன்னல் பக்கம் உட்காருவாள், கேட்டால் மட்டும் பேசுவாள். அதுவரை அவள் தந்ததெல்லாம் மிஷின்தான். இரண்டு முறை பாதி மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். இந்த முறை இப்படித் தொடங்கியிருந்தாள்:

'எங்கள் வீட்டிலிருந்து வெண்ணாறு அறுநூறு அடி. நாங்கள் போகும் வழி முக்கால் கிலோமீட்டர்.'

கீழத்தெருவில் அவர்கள் வீடு. நேரே நடந்தால் பெரிய தெரு. பெரிய தெரு முடிகிற இடத்தில் படித்துறை. அவள் அம்மா நேரே நடப்பதில்லை. தெரு தொடங்கும் இடத்தில் இடதுபுறம் திரும்பி, வாய்க்கால் கரையோடு போய், இரண்டு வரப்பு தாண்டி, மூங்கில் கொத்துக்குக் கீழே படி இல்லாத இடத்தில் இறங்குகிறார். 'போகக்கூடாது என்று இப்போது யாரும் சொல்வதில்லை. கேட்டால், அந்தப் பக்கம்தான் நிழல் என்கிறார் அம்மா. அந்தப் பக்கம் நிழல் இல்லை. அந்த முனையில் அம்மாவின் கால் தானாகத் திரும்புகிறது. நான் காலேஜில் சேர்ந்த பிறகு ஒருநாள் நேரே நடந்து பார்த்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தெரு முடிவதற்குள் எத்தனை வீடு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பத்தொன்பது.'

ரயிலில் படித்தேன். பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை. சாலியமங்கலம் ஸ்டேஷன் எப்போது போனது என்று தெரியாது. இரண்டாம் முறை படிக்கும்போது கண் கலங்கிவிட்டது, எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், "ஊர்ல ஏதாவது துக்கமாங்க?" என்று கேட்டார். இல்லைங்க, சந்தோஷம் என்றேன். உண்மையில் சந்தோஷம்தான். மிஷின் வந்த நாளிலிருந்து இப்படி ஒரு பக்கத்துக்காகத்தான் நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பத்துக்குப் பத்து போட்டேன். அதற்கு முன் யாருக்கும் அப்படிப் போட்டதில்லை.

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. மறுநாள் அதை வகுப்பில் வாசித்தேன்.

பெயரைச் சொல்லவில்லை. அது போதும் என்று நினைத்தேன். ஆனால் தெருவும் திசையும் கட்டுரையில் இருந்தனவே, நான்தானே போடச் சொன்னேன். அவள் ஊரிலிருந்து அந்த வகுப்பில் இன்னும் மூன்று பேர் படிக்கிறார்கள். இரண்டாம் பத்தியிலேயே தலைகள் திரும்பத் தொடங்கிவிட்டன. நான் என் குரலில் மயங்கி வாசித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கால் திரும்புகிற இடத்தில் மறுபடியும் கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அறுபது பேரும் பார்த்தார்கள்.

முடித்ததும் ஒரு பையன் எழுந்தான். அதே ஊர், பெரிய தெரு. மரியாதையான பையன்தான்; பஸ்ஸில் எனக்கு இடம் போட்டு வைத்திருக்கிறான். "மேம், எங்க ஊர்ல அப்படியெல்லாம் கிடையாது மேம். யாரு வேணா எந்தத் தெருவுல வேணா போலாம். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"அவங்களும் அதைத்தானே எழுதியிருக்காங்க? கேட்டுப் பாரு" என்றேன். சொல்லும்போது என் கண் ஜன்னல் பக்கம் போய்விட்டது. பெயரைச் சொல்லாமல் காட்டிக்கொடுப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

அவள் என்ன ஜாதி என்று தெரிந்தவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படிக் கேட்காமல் இருப்பதால்தான் ஒரு வகுப்பு ஓடுகிறது. அந்த வாரம் அவளோடு உட்காரும் இரண்டு பெண்கள், ஃபேன் காற்று வரவில்லை என்று முன் வரிசைக்குப் போனார்கள். நான் கவனித்தேன். கவனித்து, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் அப்பா கல்லூரிக்கு வந்தார்.

ஐம்பது வயதிருக்கும். அறுவடைக் காலத்தில் கதிர் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறவர், மற்ற நாளில் குத்தகைக்கு எடுத்த ஒன்றரை ஏக்கரில் விவசாயம். ஹெல்மெட்டை என் மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். வணிகவியல் ஆசிரியர் வகுப்புக்குப் போயிருந்தார். அறையில் நாங்கள் இருவர்தான்.

"பாப்பா எழுதுன பேப்பர் உங்ககிட்ட இருக்குங்களா மேடம்?"

எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு இடத்தில் நிறுத்தி, விரலை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு மிச்சத்தைப் படித்தார்.

"பத்தொம்பதுதான். சரியா எண்ணியிருக்கு" என்றார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க. நீங்க பெருமைப்படணும்" என்றேன்.

"பெருமைதாங்க. வீட்டுக்குள்ள பெருமைதான்." பேப்பரை மடித்தார். "நட்டு பத்து நாள் ஆவுதுங்க. எனக்குத் தனி வாய்க்கால் கிடையாது. பெரிய தெருக்காரங்க வயல்ல பாஞ்சுதான் என் வயலுக்குத் தண்ணி வரணும். இத்தனை வருஷமா வந்துக்கிட்டிருந்துச்சு. வியாழக்கெழமை போய்ப் பாக்குறேன், மடையில மண்ணு போட்டு அடைச்சிருக்கு. எடுத்துவிட்டேன். வெள்ளிக்கெழமை மறுபடி அடைச்சிருக்கு."

"யார் செஞ்சாங்க?"

"யாரும் செய்யலங்க. கேட்டா, நண்டு வளை, அதான் அடைச்சோம்ங்கிறாங்க." அவர் குரல் உயரவே இல்லை. "டீக்கடையில ஒருத்தர் கேட்டாரு, உன் பொண்ணு காலேஜுல நம்ம ஊரைச் சந்தி சிரிக்க வச்சுட்டாமேன்னு. நான் சொன்னேன், அது பாப்பா எழுதலங்க, இப்பல்லாம் போன்ல கேட்டா கம்ப்யூட்டரே எழுதித் தருது, எல்லாப் புள்ளைங்களும் அப்படித்தான் எழுதுதுங்கன்னு."

"நம்பினாங்களா?"

"பாதி நம்புனாங்க. அந்தத் தம்பிதான், நம்ம ஊர்த் தம்பி, கம்ப்யூட்டர் எழுதியிருந்தா மேடம் கண்டுபிடிச்சிருப்பாங்க, மேடமே அழுதுக்கிட்டுப் படிச்சாங்கன்னு சொல்லியிருக்கு."

மேசைமேல் இருந்த ஹெல்மெட்டைச் சற்று நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க வகுப்புல ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம். விசாரிச்சேன், அது கம்ப்யூட்டர் எழுதினதுதான்னு. நீங்க சொன்னா அந்தத் தம்பி ஊர்ல வந்து சொல்லும். அவங்களுக்கும் ஒரு சாக்கு வேணும்ல. சண்டை வேணும்னு யாரும் நினைக்கல."

தாசில்தாரிடம் மனு கொடுக்கலாம், போலீசுக்குப் போகலாம், நான் கூட வருகிறேன் என்றெல்லாம் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். "வரலாங்க. மனு போயி ஆள் வந்து பாக்குறதுக்குள்ள நாத்து காஞ்சுடும்" என்றார். பிறகு, "வேற காப்பி ஏதும் இருக்குங்களா?" என்று கேட்டார். போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அவருக்கு முன்னாலேயே அழித்தேன். பேப்பரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, "வரேங்க" என்று சொல்லிப் போனார்.

இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். தண்ணீர் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு யோசிக்க என்ன இருக்கிறது. இருந்தாலும் என் மனம் அடங்கவில்லை. அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு நியாயம் பேசினால் என்ன என்று ஒருமுறை எழுந்தேன். அவன் நல்ல பையன், புரிந்துகொள்வான். புரிந்துகொண்டு வீட்டில் போய்ச் சொல்வான். மறுபடி உட்கார்ந்துகொண்டேன். ஏற்கெனவே ஒருமுறை நியாயம் பேசித்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

புதன்கிழமை வகுப்பில், வருகைப் பதிவு எடுத்து முடித்ததும் சொன்னேன். "போன வாரம் ஒரு கட்டுரை வாசிச்சேன். அது மிஷின் எழுதினது. நானே ஏமாந்துட்டேன்."

வகுப்பு சலசலத்தது. ஜன்னல் பக்கம் பார்த்து, "எந்திரிம்மா" என்றேன்.

எழுந்தாள்.

"சொந்தமா எழுதினியா?"

"இல்ல மேம்."

"போன்ல கேட்டு எழுதினதா?"

"ஆமா மேம்."

"வெக்கமா இல்ல? அழுதுகிட்டுப் படிச்சேனே, என்னை முட்டாளாக்கிட்டியே?"

அந்தக் கடைசிக் கேள்வி தேவையே இல்லை. நம்பும்படி இருக்க வேண்டும் என்று கேட்டேன். கேட்டபோது குரலில் கோபம் தானாக வந்தது, நிஜக் கோபம். யார்மேல் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. "சாரி மேம்" என்றாள். கண்ணைத் தாழ்த்தாமல், தெளிவாகச் சொன்னாள். எல்லோர் முன்னாலும் மதிப்பெண் பதிவேட்டில் பத்தை அடித்து ஐந்து ஆக்கினேன். அடுத்த புதனுக்குள் திரும்ப எழுதித் தர வேண்டும் என்றேன்.

"நான் அப்பவே சொன்னேன்ல மேம், எங்க ஊர்ல அப்படியெல்லாம் இல்லன்னு" என்றான் அந்தப் பையன். அவன் முகத்தில் வெறுப்பு துளியும் இல்லை. நிம்மதிதான் இருந்தது. தன் ஊர் நல்ல ஊர் என்று அவனுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. முன் வரிசைக்குப் போன பெண்களில் ஒருத்தி திரும்பி, "ஏய், போன்ல அது எந்த ஆப் டி? எங்களுக்கும் சொல்லு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மதியம் அந்த இரண்டு பெண்களும் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாரமாக இறுகிக் கிடந்த வகுப்பு லேசாகிவிட்டது. நான் இத்தனை வருடத்தில் நடத்திய பாடங்களில் எதுவும் இவ்வளவு நன்றாக வேலை செய்ததில்லை.

அடுத்த புதன்கிழமை, கல்லூரி விட்ட பிறகு, அவள் ஆசிரியர் அறைக்கு வந்தாள். மேசைமேல் கட்டுரையை வைத்தாள். நான்கு பக்கம், நல்ல கையெழுத்து. முதல் வரியைப் பார்த்தேன்: 'ஆறுகள் மனித நாகரிகத்தின் தொட்டில்.' அதற்குமேல் படிக்க வேண்டியிருக்கவில்லை.

"தண்ணி வருதா?" என்று கேட்டேன்.

"வந்துடுச்சு மேம். வெள்ளிக்கெழமையே விட்டுட்டாங்க."

கையெழுத்துப் போட்டேன். அவள் போகத் திரும்பினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"இங்க பாரும்மா, எனக்குக் காட்ட வேணாம். யாருக்குமே காட்ட வேணாம். ஒரு நோட்டு போட்டு நீ பாட்டுக்கு எழுதி வச்சுக்கோ. நீ நெசமாவே நல்லா எழுதற. விட்டுடாத."

அவள் நின்று என்னைப் பார்த்தாள்.

"எதுக்கு மேம்?"

எதிர்த்துப் பேசும் பிள்ளை இல்லை அவள். கேலியாகவும் கேட்கவில்லை. கணக்கில் ஒரு படி விட்டுப்போனால் கேட்பார்களே, அப்படிக் கேட்டாள். பதில் வரும் என்று காத்துக்கொண்டும் நின்றாள். மேசையில் அறுபது கட்டுரைகள் கட்டிக் கிடந்தன, மேலே அவளுடையது. எழுத்து மனிதனை விடுவிக்கும் என்று வருடம் தவறாமல் முதல் வகுப்பில் சொல்கிறவள் நான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. 

"பஸ்ஸுக்கு நேரமாச்சு பாரு, போம்மா" என்றேன்.